ஊசியம்மாவுக்கு ஏற்ற வார்த்தை

நாத்தனார் என்றாலே நம் ஆட்களிடம் ஒரு பேர் உண்டு. தம்பி காதில் ஓதுபவள், டீயில் சர்க்கரை குறைந்தால் ஊரைக் கூட்டுபவள், வந்த பெண்ணை வாழவிடாதவள் என்று. என் நாத்தனாருக்கு அந்தப் பேர் வரவில்லை. அதைச் சம்பாதிக்க அவருக்கு நேரமும் கிடையாது, புத்தியும் போதாது. அவருக்கு வாய்த்த பேர் வேறு. அது எங்கள் வீட்டு வாசலோடு நிற்காமல் தெருக்கோடி வரை போய்விட்டது.

அவர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். தடுப்பூசி அறை அவர் பொறுப்பு. பிறந்த குழந்தையிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வரை எங்கள் பக்கத்தில் யாருக்கு ஊசி என்றாலும் அவர் கைதான். அதனால் ஊசியம்மா. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று சின்ன வயதில் சொன்னார், சொன்னதில் நின்றார். அக்கா எங்களோடுதான் இருக்கிறாள் என்று என் கணவர் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் நாங்கள்தான் அவரோடு இருக்கிறோம். வீடு அவர் கட்டியது. மாடியில் நாங்கள் மூவர், கீழ்ப்பகுதி வாடகைக்கு.

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் தெருவில் நடந்து போனால் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே பாட்டுத்தான் கேட்கும். "வாயத் தெற. தெறக்கலன்னா ஊசியம்மாவக் கூப்பிடுவேன்." அதற்கும் மசியாத பிள்ளைக்கு அடுத்த படி ஒன்று உண்டு. அம்மா மெதுவாக எழுந்து கதவைப் பார்த்து, "வாங்க ஊசியம்மா, உள்ள வாங்க" என்பாள். கதவுக்கு வெளியே ஒரு ஈ காக்கா இருக்காது. ஆனால் கவளம் உள்ளே போய்விடும். எங்கள் தெருப் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள் என்றால் அதில் பாதிப் புண்ணியம் என் நாத்தனாருடையது. ஒருத்தியும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

வேலை முடிந்து அவர் தெருமுனையில் திரும்பும்போது பார்க்க வேண்டும். பந்து விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டம் அப்படியே கரைந்துவிடும். ஒன்று கேட்டுக்குப் பின்னால், ஒன்று நின்றிருக்கும் வண்டிக்கு அடியில், ஒன்று யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் திறந்திருந்த வீட்டுக்குள். நடுத்தெருவில் பந்து மட்டும் கிடக்கும். என் நாத்தனார் குனிந்து அதை எடுத்து, வண்டி ஏறி நசுங்கிவிடாமல் பக்கத்து மதில்மேல் வைத்துவிட்டு வருவார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இத்தனைக்கும் கை அவருக்கு லேசு. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிள்ளையைத் தொடமாட்டார், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. மற்ற நர்ஸுகள் எல்லாரும் "வலிக்காது ராஜா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லிக் குத்துவார்கள். இவர் வாயில் அது வராது. "வலிக்கும். கொஞ்ச நேரத்துல போயிடும். அழணும்னா அழு" என்பார். அம்மாக்களுக்கு இது பிடிக்காது. பிள்ளை முன்னாலேயே இப்படிச் சொல்வார்களா என்று என்னிடம் வந்து குறைபட்டுக்கொள்வார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். வலிக்காது என்று சொல்லிவிட்டுக் குத்தினால் அந்தப் பிள்ளை அப்புறம் யாரைத்தான் நம்பும் என்று திருப்பிக் கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் எனக்கு எரிச்சல் வரும், அன்றைக்கும் வந்தது.

அவருக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, பலூனும் ஒட்டுப் படங்களும் கலர் கலராக ஹேர்பின்னும் இருக்கும். பிள்ளைகள் அவற்றை வாங்காமலும் இல்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து, கையை மட்டும் எட்டி நீட்டிப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிடும்.

கீழ் வீட்டில் ஒரு தையல்காரப் பெண் குடியிருக்கிறாள். பள்ளிச் சீருடை தைப்பவள். கணவன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன், வந்தால் உண்டு. ஐந்து வயதில் ஒரு மகள். சிட்டு என்று கூப்பிடுவோம், சிட்டு மாதிரியே சாப்பாட்டைக் கொத்துவாள், தின்னமாட்டாள். ஆகவே ஊசியம்மாவுக்கு அந்த வீட்டில் தினமும் இரண்டு வேளை வேலை. சிட்டுவின் பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நாத்தனார் ஒரு வாரம் கடை கடையாக ஏறி, கண்ணைத் திறந்து மூடும் பொம்மை ஒன்றை வாங்கினார். கலர் காகிதம் சுற்றி, இருக்கிறதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு இறங்கினார்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் பாட்டு நின்றது. பிள்ளைகளில் இரண்டு பேர் தையல் மிஷினுக்கு அடியில் போனார்கள். சிட்டு திரைச்சீலைக்குப் பின்னால். கால் விரல்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்து பொம்மையை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் அம்மா கெஞ்சினாள். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"நான் சாப்பிட்டுட்டேன்."

வந்திருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தார். பொம்மையை நாற்காலியில் வைத்துவிட்டு, கேக் தட்டோடு மாடி ஏறி வந்து, முட்டி வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் பொய் சொல்லமாட்டார், என்னிடம் சொல்வார்.

அடுத்த வாரமே தலைமை அலுவலகத் தேர்வுக்கு எழுதிப் போட்டார். தேறினால் மருந்துக் கிடங்கில் மேற்பார்வை வேலை. மேசை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. ஊசியைத் தொடவே வேண்டாம். இத்தனை வருஷம் யார் சொல்லியும் கேட்காதவர் இப்போது ஏன் என்று என் கணவர் ஆச்சரியப்பட்டார். "மருந்துப் பெட்டிங்க என்னப் பாத்து ஓடாதில்ல" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தேர்வில் இங்கிலீஷ் தாள் ஒன்று உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து வீட்டில் நாற்பத்தோராவதாக நாத்தனாரையும் மேய்க்க வேண்டியதாயிற்று. பாடம் தொடங்கிய அன்றிலிருந்து எனக்கு டீச்சர் என்றே பேர் வைத்துவிட்டார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். அவர் கை சும்மா இருக்காது, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே படிப்பார்.

அவர் வார்த்தை படிக்கும் விதம் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. அர்த்தம் சொன்னால் போதாது, ஆளைக் காட்ட வேண்டும். "ஆள் இல்லாத வார்த்தை எனக்கு மனசுல நிக்காது டீச்சர்" என்பார். ஆகவே ஒவ்வொரு வார்த்தைக்கும் தெருவில் ஒருவரைத் தேடிப் பிடித்துக் குடிவைத்தோம். ஜெனரஸ், தாராள மனசு என்றால் இஸ்திரிக் கடைக்காரர். டீயில் தொட்ட பிஸ்கட்டில் பாதியைக் கடைக்குப் பின்னால் திரியும் நாய்க்குட்டிக்குப் போடுகிறவர். பங்க்சுவல் என்றால் பால்காரர். ஒரு நாளும் நேரத்துக்கு வரமாட்டார், அவரை நினைத்தால் எதிர்ப்பதமாக ஞாபகம் வந்துவிடுமாம். ஸ்டபர்ன், அதாவது பிடிவாதக்காரர் என்ற வார்த்தைக்கு ஆள் தேடவே இல்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தார், முடிந்தது.

ஒருநாள் வந்த வார்த்தை நொட்டோரியஸ். பேர் பெற்ற ஆள்தான், ஆனால் நல்லதுக்கு இல்லை, கெட்டதுக்குப் பேர் பெற்ற ஆள் என்று விளக்கினேன். புத்தகத்தில் எடுத்துக்காட்டாக ஒரு திருடன் இருந்தான். எங்கள் தெருவில் திருடன் இல்லாத குறைக்கு, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் தலைகாட்டாத குழாய் ரிப்பேர்க்காரரை நான் சிபாரிசு செய்தேன். நாத்தனார் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். ஊருக்கெல்லாம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேரைக் கேட்டதும் மற்றவர்கள் முகம் மாற வேண்டுமா? ஆமாம்.

"அப்புறம் ஆளத் தேடுவானேன்? நான் இருக்கேன்ல."

கூடத்தில் என் கணவர் கடகடவென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கெட்டது செய்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தை, உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று வாதாடினேன். அவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். கெட்டதே செய்யாமல் கெட்ட பேர் வாங்கியவர்களுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள்? எனக்குச் சட்டென்று அகப்பட்டது மிஸ்அண்டர்ஸ்டுட் என்பது ஒன்றுதான். தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டவர் என்று அர்த்தமும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "என்ன யாரும் தப்பாப் புரிஞ்சுக்கலியே. அம்மாங்களுக்கு என்ன நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்றாங்க."

மூன்றாவதாக ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. அப்படியானால் இதையே வைத்துக்கொள்கிறேன், எனக்குச் சரியாக இருக்கிறது என்றார். செருப்புக் கடையில் அளவு பார்த்து முடித்தவர் மாதிரி சொல்லிவிட்டு அடுத்த உறையை மடித்தார். பயிற்சி வாக்கியமும் தானே அமைத்தார்: "ஐ ஆம் நொட்டோரியஸ் இன் திஸ் ஸ்ட்ரீட்." அதில் ஒரு பிழையும் இல்லை. நான் என்ன செய்ய, சரி என்று சொன்னேன்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், தெருவுக்கே தெரியும். விடிந்ததும் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதாக இருந்தேன். நாத்தனார் என்னை வாசலைத் தாண்டவிடவில்லை. நீ கேட்டால் சண்டையாகும், நான் கேட்டால் பேச்சாக இருக்கும் என்று சொல்லி, தானே போனார். இத்தனை வருஷத்தில் அவர் தனக்காக ஒருவரிடம் போய் நின்று நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தை தெரியும்வரை, பிள்ளைகள் ஊசிக்குப் பயப்படுகின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். ஊசிக்கு இல்லை, பேருக்குத்தான் பயம், பேரை வைத்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியதாம்.

கேட்டார். சாப்பாடு ஊட்ட என் பேரைச் சொல்லாதீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். யாரும் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவில்லை. எல்லாரும் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஆனால் ஒருத்தியும் சரி என்று சொல்லவில்லை. பேய் பிசாசு, பூச்சாண்டி என்று எவ்வளவோ இருக்கிறதே, அவற்றைச் சொல்லக் கூடாதா என்று ஒரு வீட்டில் கேட்டிருக்கிறார். "அதுக்கெல்லாம் இப்ப எந்தப் புள்ளக்கா பயப்படுது? நீங்கதான் நிஜமா இருக்கீங்க" என்றாளாம் அந்தப் பெண். கீழ் வீட்டுத் தையல்காரப் பெண், ஒரு வாய் உள்ளே போக வேண்டுமே அக்கா, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரிதான் உச்சம். வந்ததுதான் வந்தீர்கள், ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டுப் போங்களேன் என்று கேட்டிருக்கிறாள். நின்றாரா என்று என்னைக் கேட்காதீர்கள். நின்றார். அந்தப் பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று சும்மாவா சொன்னார்கள். வீடு திரும்பியவர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாடத்தில்தான் வெறி வந்துவிட்டது. நான் ஒன்று கேட்டால் இரண்டு சொன்னார். இந்த வேகத்தில் போனால் இவர் தேறாமல் யார் தேறுவது என்று எனக்கே தோன்றியது. கிடங்கு வேலை கையில் கிடைத்த மாதிரிதான். சந்தோஷப்பட வேண்டிய நான் அவர் ஒவ்வொரு வார்த்தையும் சரியாகச் சொல்லும்போது உள்ளுக்குள் சுருங்கினேன். பந்தை எடுத்து மதில்மேல் வைப்பவரைக் கொண்டுபோய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைக்க நானே பாடம் நடத்துகிறேன் என்று இருந்தது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம். சிட்டு இரண்டு நாளாக வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றாமல் திரிந்தாளாம். வெயில் கொளுத்தியது, அவள் அம்மா அதை ஏதோ ஸ்டைல் என்று விட்டுவிட்டாள். அன்றைக்குக் குளிக்க வைக்கக் காலுறையை இழுத்தபோது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கணுக்காலில் பல் பட்ட தடம். யார் கடித்தது என்று உலுக்கிக் கேட்டதில், இஸ்திரிக் கடை நாய்க்குட்டி என்று வந்துவிட்டது. அம்மா ஊட்டும் சோற்றை வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, வெளியே ஓடி அந்தக் குட்டிக்குத் துப்புவது சிட்டுவின் வழக்கமாம். சோறு தின்ற குட்டி அவசரத்தில் காலையும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

தையல்காரப் பெண் மாடிப்படியைப் பார்த்து, ஊசியம்மா, ஓடி வாங்க என்று அலறினாள். பாவம், உதவிக்குத்தான் கூப்பிட்டாள். ஆனால் அந்த வீட்டில் அந்தக் கூப்பாட்டுக்கு வேறு அர்த்தம். சிட்டு குளியலறைக்குள் பாய்ந்து உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் இறங்கி ஓடினோம். அதற்குள் இஸ்திரிக் கடைக்காரரும் வந்துவிட்டார். குட்டியை நேற்றிலிருந்து காணவில்லை என்றார். அதைக் கேட்டதும் நாத்தனார் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். நாய்க்கடியில் நாள் கடத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நோய் இல்லை அது.

குளியலறைக் கதவுக்கு முன்னால் ஒரு சந்தையே நடந்தது. ஊசி இல்லவே இல்லை, சத்தியமாக இல்லை என்று அம்மா அழுதாள். நான் சாக்லேட் என்றேன். இஸ்திரிக் கடைக்காரர், மருந்து தடவினால் போதும் பாப்பா என்றார். என் கணவர் கதவை உடைப்பதற்கு ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து நின்றார். உள்ளே பிள்ளையின் அழுகை கூடிக்கொண்டே போயிற்று. நாத்தனார் தம்பியிடம் அதைக் கீழே வைக்கச் சொன்னார். எங்கள் எல்லாரையும் வாயை மூடச் சொன்னார். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, கதவுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"சிட்டு, நான்தான். ஊசியம்மா."

அழுகை சட்டென்று நின்றது.

"ஊசி போட வந்திருக்கீங்களா?" என்று சின்னக் குரல் கேட்டது.

"ஆமா. போடணும்."

தையல்காரப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குமா?"

"வலிக்கும். கால்ல கொஞ்சம் ஜாஸ்தியா வலிக்கும். சத்தமா அழலாம், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"ஒரு தடவதானே?"

ஆமாம் என்று சொல்லுங்கள் என்று அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லம்மா. இன்னிக்கிப் போட்டுட்டு, அப்புறம் இன்னும் சில நாள் கழிச்சுக் கழிச்சுப் போடணும்."

எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் குரல், முன்னைவிடச் சின்னதாக, ஒன்றைக் கேட்டது.

"நான் சோறு துப்பினதுக்கா?"

என் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் தன்னைப் பார்த்து ஓடியது எதற்கு என்று அந்த ஒரு கேள்வியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசி என்பது மருந்து என்றே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அது அடி. அவர் அடிப்பவர்.

"இல்லடா கண்ணு. சோறு துப்பினதுக்கு ஊசியே கிடையாது. நான் யாருக்கும் அப்படிப் போட்டதே இல்ல. நாய் வாயிலேர்ந்து ஒரு கெட்டது உன் கால்ல ஏறியிருக்கலாம். அது மேல போறதுக்குள்ள தடுக்கணும், அதுக்குத்தான்."

"அம்மா சொன்னாங்களே, சாப்பிடலன்னா போடுவீங்கன்னு."

இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உன் அம்மா சொன்னது பொய் என்று ஒரு வரி சொன்னால் போதும், நானாக இருந்தால் பத்து வரி சொல்லியிருப்பேன். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தையல்காரப் பெண்தான் என் பிடியை உதறிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது நான் சொன்ன பொய்டி. ஊசியம்மா அப்படி இல்ல. நீ சாப்பிடணும்னு நானாச் சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அங்கேயே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, நாத்தனார் அந்தக் காலை நெடுநேரம் கழுவினார். ஒவ்வொன்றும் செய்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டே செய்தார். இப்போது சோப்பு, எரியும். இப்போது தண்ணீர், குளிரும். சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். அவர் சொன்னபடி எரிந்தது, சொன்னபடி குளிர்ந்தது.

சுகாதார நிலையத்தில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும்தான் இருப்பார்கள். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். அந்த நர்ஸ் சின்னப் பெண், நல்ல மாதிரி. ஊசியை எடுத்துக்கொண்டு, "வலிக்கவே வலிக்காது செல்லம்" என்று பக்கத்தில் வந்தாள். சிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவங்க வேணாம் என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் வீட்டுத் துணியின் மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். கைகளைத் தேய்த்துச் சூடாக்கினார். காலில் புண்ணைச் சுற்றி முதலில், பிறகு கையில் என்று சொன்னார். குத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குத்தினார்.

சிட்டு கத்தினாள். சத்தமாக அழலாம் என்று அனுமதி கொடுத்தாகிவிட்டதே, அதைப் பூரணமாகப் பயன்படுத்திக்கொண்டாள். கட்டடமே அதிர்ந்தது. அவள் அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். எந்தப் பிள்ளையும் ஊசி போட்டதும் அம்மாவிடம்தானே தாவும். சிட்டு தாவவில்லை. "போ, நீ போ" என்று அழுதுகொண்டே, ஊசி போட்டவரின் கழுத்தையே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாரைப் போ என்றாள் என்று தெரியவில்லை. கட்டிக்கொண்ட கழுத்தை அவள் விடவும் இல்லை.

என் நாத்தனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் பஞ்சு. இரண்டையும் தூர விலக்கி நீட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றார். எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருப்பார், ஒன்றும் அவரிடம் அழுததில்லை, அவரைப் பார்த்து அழுததோடு சரி. அந்தச் சின்ன நர்ஸ்தான் வந்து இரண்டையும் வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் அந்தக் கைகள் மெதுவாக இறங்கி, பிள்ளையின் முதுகைச் சுற்றின. நான் அழுதேன். சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் படிப்பது போல நின்றுகொண்டு நன்றாகவே அழுதேன்.

விசும்பல் அடங்கியதும் சிட்டு தலையைத் தூக்கி, மூக்கை அவர் கோட்டிலேயே துடைத்துக்கொண்டாள்.

"இனிமே எனக்கு எப்பவும் நீங்கதான் போடணும். வேற யாரும் வேணாம். போடுவீங்கள்ல?"

நாத்தனார் பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும். தேர்வு அடுத்த ஞாயிறு. தேறினால் கிடங்கு, அப்புறம் அவர் கையில் ஊசி இல்லை. தையல்காரப் பெண், போடுவாங்க போடுவாங்க, சரின்னு சொல்லுங்கக்கா என்று அவசரப்படுத்தினாள். வேறு யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். அழுகிற பிள்ளைக்கு ஒரு சரி சொல்ல என்ன செலவு, நாளைக்கு அது மறந்துவிடும்.

அவர் பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார். அது மறுபடி விழுந்தது, மறுபடி ஒதுக்கினார்.

"ஆமா. எப்பவும் நானே போடுவேன்."

மூன்று மாதம் தொண்டை வறள நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் அத்தனையும் அந்த ஒரு ஆமாவில் போயிற்று. போனால் போகட்டும்.